மலை முழுக்கப் பச்சை, ஆனாலும் துணி வாங்கத்தான் வேண்டும்

பச்சைத் திரை கட்டி வீடியோ எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் முதலில் வருவது ஒரே கேள்விதான். "சுத்தி மலை பூரா பச்சையாத்தானே கெடக்கு, அதுக்கு முன்னால நின்னு எடுக்க வேண்டியதுதானே, துணி என்னாத்துக்கு?" கேட்பவர் அம்மாயியாக இருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். பணம் தர வேண்டிய அப்பாவாக இருந்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆகவே அந்தப் பதிலிலிருந்தே தொடங்குவோம்.

மலையின் பச்சை ஒரே பச்சை இல்லை. கொழுந்து இளமஞ்சளாக மினுங்கும், அதற்குக் கீழே முற்றிய இலை கறுத்துக் கிடக்கும், செடிக்கு அடியில் வெறும் இருட்டு. வெயில் பட்டால் இலையின் மேற்புறம் வெள்ளையாகவே தெரியும். கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டமென்றால் இன்னும் மோசம். மேலேயிருந்து விழும் வெயில் திட்டுத் திட்டாக உங்கள் மூக்கிலும் விழும். பச்சையை வெட்டி எடுக்கும் மென்பொருளுக்கு ஒரே நிறமும் ஒரே அளவு வெளிச்சமும் மடிப்பில்லாத பரப்பும் வேண்டும். தேயிலைச் செடியை அதன் கையில் கொடுத்தால் பாதி இலையை எடுத்துக்கொண்டு பாதியை விட்டுவைக்கும். மிச்சமிருக்கும் குச்சிகளுக்கு நடுவே, பின்னணியாகப் போட்ட துபாய் எட்டிப் பார்க்கும். இதை அப்பாவுக்கு விளக்கும்போது துபாய் என்ற பேச்சை மட்டும் எடுக்காதீர்கள். ஏஜென்சிக்குக் காசு கட்டப் போகிறாய் என்று நினைத்துக்கொள்வார்.

ஏன் பச்சை என்றும் கேட்பார்கள். கெமராவுக்குள் இருக்கும் சென்சரில் நாலு புள்ளிக்கு இரண்டு பச்சையைப் பார்ப்பவை. சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. எனவே அதற்குத் துப்புரவாகத் தெரியும் நிறம் பச்சைதான். தவிர, தோல் கறுப்போ மாநிறமோ, அதில் பச்சை தூக்கலாக இருக்காது. பிலிம் காலத்தில் நீலத்தை நம்பினார்கள். 1940இல் வந்த 'தீஃப் ஒஃப் பக்தாத்' படத்தில் லரி பட்லர் நீலத் திரையை வைத்து வித்தை காட்டி ஒஸ்கார் வாங்கினார். அதில் நடித்த பையன் சாபு, மைசூர்ப் பக்கத்து யானைப்பாகன் மகன். அதே 1940இல் சேலம் மொடர்ன் தியேட்டர்ஸ் 'உத்தம புத்திர'னில் பி.யு. சின்னப்பாவை இரண்டு பேராகக் காட்டியது. அந்தக் காலத்து இரட்டை வேடத்துக்குத் திரைத்துணியே வேண்டாம். லென்சில் ஒரு பாதியை மறைத்து எடுப்பார்கள், பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மற்றப் பாதியை மறைத்து மறுபடியும் எடுப்பார்கள். இரண்டாவது தடவை நடிகர் தும்மினால் முதல் தடவை நடித்ததும் சேர்ந்து வீண். நமக்கு வாய்த்தது எவ்வளவோ மேல்.

நிறத் தேர்வில் இலங்கைக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. வெளிநாட்டுக்காரர்கள் சொல்லித் தரும் எதிலும் அது இருக்காது. ஆளுயரத்துக்கு மேலே பச்சைத் துணியை இஸ்தோப்பில் கட்டினால் நீங்கள் ஐக்கிய தேசியக் கட்சியில் சேர்ந்துவிட்டீர்கள் என்று பொழுது சாய்வதற்குள் மேல் லயத்துக்குச் செய்தி போய்விடும். சரி, நீலம் கட்டலாம் என்றால் அது சுதந்திரக் கட்சி. சிவப்பு கட்டினால் கட்சிப் பிரச்சினையோடு முகப் பிரச்சினையும் வரும், ஏனென்றால் துணியோடு சேர்த்து உங்கள் உதட்டையும் கன்னத்தையும் மென்பொருள் கொண்டுபோய்விடும். நடுவில் சேவல் ஒன்று குறுக்கே ஓடினால் அது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ். தேர்தல் அறிவித்துவிட்டார்கள் என்றால் படப்பிடிப்பை ஒத்திவையுங்கள். தேர்தல் முடிந்த வாரம் துணி வாங்க நல்ல வாரம். எந்தக் கட்சி தோற்றது என்பதைப் பொறுத்து டவுன் கடைகளில் விலை குறையும்.

துணி மினுங்கக்கூடாது. சட்டினும் சில்க்கும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், அடிக்கிற இடமெல்லாம் கெமராவுக்கு வெள்ளை. மங்கலான பருத்தித் துணி, பொப்ளின் போல ஒன்று, கிளிப்பச்சைக்குக் கிட்டிய நிறத்தில் போதும். பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிக்குக் கொடி கட்டிய துணி கிடைத்தாலும் சரி. நாற்று மேடைக்கு மேலே போடும் பச்சை வலையைக் கேட்டு வாங்கலாமே என்று யாராவது ஒருவர் யோசனை சொல்லாமல் இருக்கமாட்டார். வலையில் ஓட்டை இருக்கிறது. ஓட்டைக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் உள்பாவாடை இருக்கிறது. அதன் சொந்தக்காரி வீடியோவைப் பார்க்கும் நாளில் நீங்கள் ஊரில் இருக்க விரும்பமாட்டீர்கள். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கும் வேண்டாம். மினுங்கும், அதோடு மறுநாள் காலையில் அம்மாவுக்கு அது வேண்டும்.

ஒரு பன்னை அகலம் போதாது, இரண்டைச் சேர்த்துத் தைக்க வேண்டியிருக்கும். தையல் நெட்டாக நடுவில் வரட்டும். அதற்கு முன்னால் நீங்கள் நின்றுவிட்டால் தையல் தெரியாது. பிறகு இஸ்திரி. ஒவ்வொரு மடிப்புக்கும் வெளிச்சப் பக்கம் ஒன்று, நிழல் பக்கம் ஒன்று உண்டு, மென்பொருளுக்கு அது மூன்று பச்சை. துணியை ஈரத்தோடு நாலு பக்கமும் இழுத்துக் கட்டினால் காயும்போது தானாக விறைத்துக்கொள்ளும் என்பது எல்லா நாட்டிலும் சொல்லும் உபாயம். இரத்தினபுரியில் அது செல்லாது, காயாது. இஸ்திரியே போடுங்கள். மூங்கில் இரண்டை நட்டு, குறுக்கே கயிறு கட்டி, துணிக் கிளிப்பால் விளிம்பு நெடுகப் பிடியுங்கள். கிளிப்பில் கஞ்சத்தனம் பார்த்தால் துணி தொய்யும்.

இனித்தான் கணக்கு வருகிறது. துணிக்கும் உங்களுக்கும் நடுவே குறைந்தது ஆறடி வேண்டும். ஒட்டி நின்றால் உங்கள் நிழல் துணியில் விழும். துணியில் பட்ட வெளிச்சம் பச்சையாகத் திரும்பி வந்து காது மடலிலும் கழுத்திலும் வெள்ளைச் சட்டையின் தோளிலும் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய பச்சையை மென்பொருள் எடுக்கும்போது காதையும் எடுக்கும். உங்களிடமிருந்து கெமராவுக்கு இன்னுமொரு ஏழெட்டு அடி. ஆக மொத்தம் பதின்மூன்று அடிக்குக் குறையாது. வெள்ளைக்காரன் கட்டிவைத்துவிட்டுப் போன லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு. அதற்குள் கட்டில், அலுமாரி, அரிசி மூட்டை, சாமிப் படம், படிக்கிற தங்கச்சி. ஆகவே துணி உள்சுவரில் இருக்கும், நீங்கள் வாசற்படிக்குக் கிட்ட நிற்பீர்கள், கெமரா இஸ்தோப்பைத் தாண்டி வெளியே போகும், கெமராக்காரன் கானுக்குள் இறங்கி நிற்பான். இஸ்தோப்பு என்பது முழு லயத்துக்கும் பெருந்தெரு என்பதை மறக்கவேண்டாம். தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள், ரொட்டிக்கு மா கடன் கேட்டு வருகிறவர்கள், என்ன நடக்கிறது என்று பார்க்க வருகிற பிள்ளைகள் எல்லோரும் உங்களுக்கும் லென்சுக்கும் நடுவே போய்த்தான் ஆக வேண்டும். சிலர் போகும்போது நின்று கெமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டும் போவார்கள். கோபிக்காதீர்கள். அவர்கள் வீட்டிலிருந்துதான் நீட்டு வயர் கடன் வாங்கப் போகிறீர்கள்.

பள்ளிக்கூட மண்டபமோ கோயில் மண்டபமோ கிடைத்தால் இத்தனை தொல்லை இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் புள்ளக்காம்பரா ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் கிடக்கும், ஆனால் அதற்குத் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வீடியோ என்றாலே சம்பளப் பிரச்சினை வீடியோ என்றுதான் துரை நினைப்பார். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆன கதையும் 2024இல் அது 1350 ஆன கதையும் அவருக்கு இன்னும் கசப்பு. சும்மா பாரிசுக்குப் போகிற மாதிரி எடுக்கப் போகிறோம் ஐயா என்று சொன்னால் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

வெளிச்சம் என்ற இடத்தில்தான் பெரும்பாலானோர் கோட்டைவிடுகிறார்கள். முகத்துக்கு ஒரு பல்பைப் பிடித்துவிட்டு, துணிக்கும் அதுவே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். துணிக்கு வேறு வெளிச்சம், ஆளுக்கு வேறு வெளிச்சம். துணிக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இரண்டு எல்இடி டியூப், ஒரே கம்பெனி, ஒரே வொட். சாய்வாக, கொஞ்சம் எட்ட வையுங்கள். கிட்ட வைத்தால் பல்புக்குப் பக்கத்து ஓரம் பளீரென்றும் நடு மங்கலாகவும் போகும், ஏனென்றால் தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். சமமாக விழுந்திருக்கிறதா என்று கண்ணை நம்பிப் பார்க்காதீர்கள், கண் எதற்கும் பழகிவிடும். போன் கெமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றித் துணியைப் பாருங்கள். எந்த மூலை இருட்டு என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

ஆளுக்கு, ஒரு பக்கத்திலிருந்து, புருவத்துக்குச் சற்று மேலே ஒரு பல்ப். மற்றப் பக்கம் பல்ப் வேண்டாம், டீவி வந்த பெட்டிக்குள் இருந்த ரிஜிபோம் தகட்டை நிறுத்திவைத்தால் அது வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். தலைக்குப் பின்னால் மேலேயிருந்து ஒரு சின்னப் பல்ப், கெமராவுக்குத் தெரியாமல். அது விழுந்தால்தான் முடியும் தோளும் துணியிலிருந்து பிரிந்து நிற்கும். இல்லாவிட்டால் சுருட்டை முடிக்காரர்கள் எல்லோரும் கத்தரிக்கோலால் வெட்டிய படமாகத் தெரிவார்கள். பல்பின் கடுமையைக் குறைக்க வெள்ளை உரப் பையை விரித்து முன்னால் தொங்கவிடலாம். நன்றாகக் கழுவுங்கள், யூரியா வாடை நடிப்பைப் பாதிக்கும். எல்இடி என்றால் பயமில்லை. பழைய நூறு வொட் குண்டு பல்புக்குக் கிட்ட மட்டும் கொண்டுபோகாதீர்கள், பை உருகும்.

குண்டு பல்பின் மஞ்சளையும் எல்இடியின் வெள்ளையையும் கலக்கவும் கூடாது. ஒரு கன்னம் காவியாகவும் மறு கன்னம் நீலமாகவும் வரும். அர்த்தநாரீஸ்வரர் வேடத்துக்கு மட்டும் பரவாயில்லை.

இந்த நாட்டுக் கரண்டுக்கும் ஒரு குணம் உண்டு. 50 ஹேர்ட்ஸ், மலிவான பல்ப் அதற்கேற்ப வினாடிக்கு நூறு தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, போனுக்குத் தெரியும். போன் வழக்கமாக வினாடிக்கு 30 படம் எடுப்பதால் துணியில் கறுப்புப் பட்டைகள் மெதுவாக மேலே ஊர்ந்துகொண்டிருக்கும். வினாடிக்கு 25 படம், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு என்று மாற்றிவிட்டால் பட்டைகள் அடங்கும். சில போன்களில் பால் என்று ஒரு தெரிவு இருக்கும், அது இதுதான். போனுக்கு அம்மா பால் வாங்கித் தர வேண்டியதில்லை.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். 2022 மார்ச் கடைசியில் நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் இருட்டில் இருந்த நாடு இது. பலாங்கொடைக்குப் பக்கத்தில் சமனலவெவ அணை 1992இலிருந்து கரண்ட் தருகிறது. அது உங்கள் லயத்துக்கு வந்து சேரும் பாதைதான் சற்றுச் சுற்று.

நல்ல செய்தி என்னவென்றால், கேகாலையும் இரத்தினபுரியும் சேர்ந்த நம் சப்ரகமுவவில் பல்பே இல்லாமலும் எடுக்கலாம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் வானம் முழுக்க ஒரே சாம்பல் மூட்டம். கொழும்பு ஸ்டுடியோக்காரர்கள் பெரிய பணம் கொடுத்து வாங்கும் மென்மையான வெளிச்சம் நம் தலைக்கு மேலே சும்மா தொங்குகிறது. மூட்டமான நாளில் காலை பத்துக்கும் மதியம் இரண்டுக்கும் நடுவே துணியை வெளியில் கட்டிப் பாருங்கள், நிழலும் விழாது, முகத்தில் எண்ணெயும் மினுங்காது. நுவரெலியாக்காரர்கள் பனிமூட்டத்தைக் காட்டியே பேர் வாங்கிவிட்டார்கள். மலையகம் என்று தேடினால் வருவதெல்லாம் அவர்கள் படம்தான். நமக்கும் மூட்டம் உண்டு, கொஞ்சம் புழுக்கமானது. போனில் திரையை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் மேகம் நகரும்போதெல்லாம் போன் தானாகக் கூட்டிக் குறைத்து, நீங்கள் பேசப் பேச நிறம் மாறிக்கொண்டிருப்பீர்கள்.

மழை பிடித்துக்கொண்டால் குரலைப் பதிவு செய்வதை மறந்துவிட வேண்டியதுதான். தகரக் கூரை யாரையும் பேச விடாது. வாயை அசைத்து நடித்துவிட்டு, பிறகு போர்வைக்குள் புகுந்துகொண்டு குரலைத் தனியாகச் சேருங்கள். கெமராக்காரன் கானுக்குள் நிற்கிறான் என்பதும் நினைவிருக்கட்டும். அவன் காலில் சவர்க்காரத்தைப் பூசி அனுப்புங்கள், இல்லாவிட்டால் ஒரு நல்ல காட்சியின் நடுவே "அட்டைடா!" என்று கத்துவான், அது மட்டும் துல்லியமாகப் பதிவாகியிருக்கும்.

உடுப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, பச்சை கூடாது. ஆனால் பச்சை எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று யோசித்துப் பார்ப்பவர் குறைவு. மல்லிகைச் சரத்தின் காம்பு, கண்ணாடி வளையல், சாமிக் கயிறு, கழுத்துச் சங்கிலியில் கோர்த்த கல். சடங்கு வீட்டு வீடியோவுக்குப் பச்சைத் திரை கட்டிவிட்டு, பிள்ளைக்கு மாமன் சீராக வந்த பச்சைப் பட்டை உடுத்தினால், தலையும் கைகளும் மட்டும் சுவிட்சர்லாந்து மலைக்கு மேலே மிதந்து கொண்டிருக்கும். மாமன் அதை ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டார். சமையல் வீடியோ எடுப்பவர்கள் வாழை இலையை விட்டுவிடுங்கள். இலை போய்விடும், சோறும் மூன்று கறியும் அந்தரத்தில் நிற்கும், கறிவேப்பிலை இருந்த இடங்களில் குழம்பில் ஓட்டை விழும். சாமி படமெடுப்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: மீனாட்சி பச்சை நிறம்.

பின்னணிப் படம் தேர்வதில் ஒழுங்கு வேண்டும். துபாய்க் கோபுரத்தில் வெயில் இடப்பக்கம் அடித்தால் உங்கள் முகத்துக்கும் வெளிச்சம் இடப்பக்கமே வரவேண்டும். அந்தப் படத்தை எடுத்தவன் கண் மட்டத்தில் கெமரா வைத்திருந்தால் நீங்களும் கண் மட்டத்தில் வையுங்கள். கானுக்குள்ளிருந்து அண்ணாந்து எடுத்தால் கோபுரத்தைவிட நீங்கள் உயரம். கால் தெரியாமல் முழங்காலுக்கு மேலே எடுப்பது புத்திசாலித்தனம். தரையில் விழும் நிழலைப் பொய்யாகச் செய்வது கஷ்டம் என்பது ஒரு காரணம். சூரிச் பனியில் பாட்டா செருப்போடு நிற்பது இன்னொரு காரணம். துபாயையே ஏன் எல்லோரும் கேட்கிறார்கள் என்று தெரியவில்லை. நம் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை பெருமளவு மத்திய கிழக்குக்குத்தான் போகிறது; கொழுந்து போன வழியில் பறித்தவர் பிள்ளையும் ஒருதரம் போய்ப் பார்க்க ஆசைப்படுவதாக வைத்துக்கொள்வோம்.

நம்மைப் பின்னணியாக வைத்துப் படமெடுத்தவர்கள் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. யட்டியந்தோட்டைக்கு அங்கிட்டு கித்துள்கலையில் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்' எடுத்தபோது களனி ஆற்றின் மேலே நிசமான பாலம் கட்டி, நிசமான ரயிலை ஓட்டி, 1957 மார்ச்சில் நிசமாகவே வெடிவைத்துத் தகர்த்தார்கள். முதல் தடவை வெடிக்கவில்லை. ரயில் பாலத்தைத் தாண்டிப்போய் அக்கரையில் ஜெனரேட்டரில் மோதியது. நம் பையன்களுக்கு அந்த வசதி இல்லை என்பதால்தான் துணி. தேயிலைத் தோட்டத்துக் கதையான 'எலிபன்ட் வோக்' வேறு ரகம். 1953இல் விவியன் லீ இங்கே வந்து கொஞ்சம் நடித்துவிட்டு நோயில் விழுந்தார். அவருக்குப் பதிலாக எலிசபெத் டெய்லரைப் போட்டு ஹொலிவூட்டில் எடுத்து 1954இல் வெளியிட்டார்கள். கிட்டத்துக் காட்சியில் டெய்லர், சில தூரத்துக் காட்சிகளில் இன்னும் விவியன் லீ. துரைசாணி இரண்டு ஆளாக மாறியது பலருக்குத் தெரியவேயில்லை. 1975இல் வி.பி. கணேசன் 'புதிய காற்று' கொண்டு வரும்வரை தோட்டத்து ஆட்கள் படத்தில் முன்னுக்கு வந்து நின்றது அரிது. அதனால் உங்களை யாராவது "இவருக்கு என்னா சினிமா ஆசை" என்று கேட்டால், முறை வந்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

எடுத்ததை வாட்சப்பில் அனுப்பி வெட்டக் கொடுக்காதீர்கள். போன் வீடியோவைச் சேமிக்கும்போதே ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் வைத்துக்கொண்டு, நிறத்தை மட்டும் நாலு புள்ளிக்கு ஒன்றாகப் பங்கு வைத்துவிடும். பச்சையை வெட்டும் வேலை முழுக்க நிறத்தை நம்பியது. வாட்சப் அதற்கும் மேலே நசுக்கினால் முடி ஓரம் படிக்கட்டாகத் தெரியும். டொக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது வயர் போட்டு ஏற்றுங்கள். கைன்மாஸ்டரிலோ கெப்கட்டிலோ குரோமா கீயைத் திறந்து, முகத்துக்குப் பக்கத்துப் பச்சையைத் தொட்டு, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். துணி மறைந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். இன்னும் சுத்தமாக வரட்டும் என்று கூட்டிக்கொண்டே போனால் கண்ணின் வெள்ளை, பல், கடைசியில் ஆள் என்று ஒவ்வொன்றாகப் போகும்.

இப்போது துணியே வேண்டாம், ஏஐ தானாகப் பின்னணியை எடுத்துவிடும் என்று டவுனுக்குப் போய்வந்த மச்சான் சொல்வார். எடுக்கும். ஆனால் எது பின்னணி என்று அது தீர்மானிப்பதை நம்பவேண்டாம். நீங்கள் கையை ஆட்டிப் பேசினால் விரலை எடுத்துவிட்டு, பின்னால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அண்ணனைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். அண்ணனுக்கு அதில் மனக்குறை இருக்காது.

வீடியோ வெளியானதும் துணி கேட்டு ஆள் வரும். கீழ் லயத்தில் காதுகுத்து, மேல் டிவிசனில் ஒருவருக்கு யூடியூப், ரியூசன் மாஸ்டருக்குக் கணிதப் பாடம். கொடுங்கள், ஆனால் கிளிப்பை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். துணி எப்படியும் திரும்பி வரும், கிளிப் வராது.